கையடக்கச் சென்சார்கள் ஒரு துளியிலிருந்து நோயையும் மாசையும் எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

எந்தச் சென்சாருக்கும் வேலை இரண்டுதான்: தேடும் பொருளை மட்டும் அடையாளம் காண்பது, அதை மின்சைகையாக மாற்றுவது. இதில் முதலாவதுதான் கடினம்.

ரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத் துளியை வைக்கும் சோதனைப் பட்டைகள் பலவற்றில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி (வேதிவினையைத் தூண்டும் புரதம்) காய்ந்த நிலையில் இருக்கும். ரத்தம் பட்டதும் அது குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கும். இன்னொரு வேதிப்பொருள் இடைத்தரகர் மாதிரி அவற்றை மின்முனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். 1962இல் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் முன்வைத்த யோசனைதான் இதற்கு மூலம்.

தண்ணீரில் ஈயம் தேட நொதி வேண்டியதில்லை. எதிர் மின்னழுத்தம் கொடுத்து ஈயத்தை மின்முனையில் படியவைப்பார்கள். பிறகு மின்னழுத்தத்தை மெல்ல மாற்றினால் ஒவ்வொரு உலோகமும் தனக்குரிய மின்னழுத்தத்தில் கரைந்து வெளியேறும், அப்போது எழும் மின்னோட்டமே அளவைச் சொல்லிவிடும். இப்படிச் சேர்த்துவைத்து அளப்பதால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைக்கூட எட்ட முடிகிறது.

மூச்சை மோந்து நோய் சொல்லும் ‘மின்மூக்கு’? மூச்சிலுள்ள ஈரப்பதமே அதைக் குழப்பிவிடும் என்பதால் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அப்புறம், காலாவதியான பட்டை எந்தக் கருவியிலும் தப்பான எண்ணைக் காட்டலாம். முடிவு சந்தேகமாக இருந்தால் ஆய்வகத்தில் சரிபாருங்கள்.