கம்பெனி வேலையா நைஜீரியா அனுப்புறாங்க, என்ன ஊசி போடணும்? ஆபீஸ் மெடிக்ளைம் அங்க செல்லுமா?

ஆபீஸ்ல குடுக்கிற குரூப் மெடிக்ளைம் பெரும்பாலும் செல்லாதுங்க. அது இந்தியாவுக்குள்ள அட்மிட் ஆனாத்தான், லாகோஸ்ல போய் அந்த கார்டை நீட்டினா ஒரு புண்ணியமும் இல்ல. நான் ஒரு ப்ராஜெக்ட் கம்பெனில அட்மின், ஆப்பிரிக்கா சைட்டுக்கு ஆள் அனுப்புறதுதான் என் வேலையே, அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

மேனேஜர் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் போட்டுடுங்க. போட்டதுக்குச் சர்டிபிகேட்டா குடுக்கிற மஞ்சள் கார்டு, போட்டு 10 நாள் கழிச்சுதான் செல்லுபடியாகும், "அடுத்த வாரம் கிளம்பு"ன்னு சொல்ற ஆளுங்களுக்கு இது எத்தனை தடவை சொன்னாலும் மண்டைல ஏறாது. கண்ட ஆஸ்பத்திரில போட்டா ஏத்துக்க மாட்டாங்க, அரசு அங்கீகாரம் குடுத்த சென்டர்லதான் போடணும், சென்னைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கு, பாஸ்போர்ட் ஒரிஜினல் எடுத்துட்டுப் போங்க. முட்டை அலர்ஜியோ, வயசு 60 தாண்டியோ, ஸ்டீராய்டு ஏதாவது எடுத்துட்டோ இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அது உயிருள்ள வைரஸை பலவீனமாக்கி செய்ற ஊசி. கார்டு இல்லாம அங்கிருந்து திரும்பினா நம்ம ஏர்போர்ட்லயே பிடிச்சு 6 நாள் வரைக்கும் தனியா வச்சுடுவாங்க. 2016 ஜூலைல இருந்து ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும், அதனால பழைய கார்டுல 10 வருஷம்னு இருந்தாலும் பயப்படாதீங்க.

டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, டெட்டனஸ் எல்லாம் டாக்டரே பார்த்துச் சொல்லுவாரு. வடக்கே கானோ பக்கம் சைட்னா மெனிஞ்சைட்டிஸ், அதாவது மூளை உறைக் காய்ச்சல் ஊசியும் கேளுங்க.

என்னைக் கேட்டா நிஜமா பயப்பட வேண்டியது மலேரியாவுக்குத்தான். நம்ம ஆளுங்க ஊசி போட்டாச்சுல்லன்னு மாத்திரையை விட்டுடுறாங்க. மலேரியா வராம தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் குடுத்தா போறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு, தினமும் போட்டு, திரும்பி வந்தும் 4 வாரம் விடாம போடணும். வந்து மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல் அடிச்சா முதல் வார்த்தையே "நைஜீரியா போயிட்டு வந்தேன்"னு சொல்லுங்க, எங்க சைட்ல இருந்து வந்த ஒருத்தர் அதைச் சொல்லாம விட்டு, தெரு முனை கிளினிக்ல வைரல் ஃபீவர்னு பாராசிட்டமால் குடுத்து அனுப்பிட்டாங்க, கடைசில ஐசியூ. அங்க வர்ற ஃபால்சிபேரம்ங்கிற ஆபத்தான வகை மலேரியாவுக்கு ஒரு நாள் தாமதமே அதிகம்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். கம்பெனியை பிசினஸ் டிராவல் பாலிசி தனியா எடுக்கச் சொல்லுங்க, பொதுவா இந்தியாவை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே எடுத்தாகணும். அதுல மெடிக்கல் எவாகுவேஷன், அதாவது அங்க முடியலைன்னா வேற நாட்டுக்கோ இங்கயோ பிளேன்ல தூக்கிட்டு வர்ற செலவு, இருக்கான்னு பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். வருஷ பாலிசின்னா ஒரு ட்ரிப்புக்கு இத்தனை நாள்தான்னு லிமிட் இருக்கும், ப்ராஜெக்ட் இழுத்துட்டே போனா பாதில கவர் இல்லாம நிப்பீங்க. சுகர், பிபி இருந்தா ப்ரொபோசல் ஃபார்ம்ல எழுதிடுங்க, ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு நிறைய பாலிசில உயிர் போற எமர்ஜென்சிக்கு மட்டும்தான் குடுப்பாங்க. அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடி பாலிசில இருக்கிற அசிஸ்டன்ஸ் (உதவி) நம்பருக்கு போன் பண்ணணும், இல்லன்னா கேஷ்லெஸ் கிடைக்கிறது கஷ்டம், அந்த நம்பரை வீட்டுலயும் ஒருத்தர்கிட்ட குடுத்து வைங்க. ஊசி, மாத்திரை செலவை யார் குடுக்குறாங்கன்னு ஹெச்ஆர்கிட்ட மெயில்லயே கேட்டு வாங்கிடுங்க, வாய்ல சொன்னா ரீஇம்பர்ஸ்மென்ட் வராது.