ஏஜென்ட் போடாமல் சர்வர் கண்காணிப்பு: கேள்வி பதில்

இந்த முறை கேள்வி அனுப்பியவர்கள் எல்லாரும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சின்ன அலுவலகம், ஆஸ்பத்திரி, கல்லூரிகளில் தனி ஆளாக சிஸ்டம் பார்ப்பவர்கள். அந்தச் சூழலை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். ஏஜென்ட் என்றால் கண்காணிப்புக்காக ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் நிறுவுகிற சின்ன மென்பொருள்.

மார்த்தாண்டம், கல்லூரி லேப்: அக்கா, சர்வரில் எதையும் நிறுவாமலே சிபியு, மெமரி, டிஸ்க் எல்லாம் தெரியும் என்கிறார்கள். அது எப்படி?

கேட்டால் பதில் சொல்கிற வசதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது தம்பி. நல்ல ஸ்விட்ச், ரவுட்டர், பிரின்டர்களில் எஸ்.என்.எம்.பி. (கருவியின் நிலவரத்தை நெட்வொர்க் வழியே கேட்கிற முறை) சேர்ந்தே வருகிறது. விண்டோஸில் அதே வேலைக்கு டபிள்யூ.எம்.ஐ. இருக்கிறது. லினக்ஸ் என்றால் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான ரிமோட் லாகின் வழியே நுழைந்து கட்டளை கொடுத்து விடையை எடுத்துக்கொள்ளலாம். கண்காணிப்பு மெஷின் ஒன்று இருந்தால் போதும். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அல்லது நீங்கள் வைத்த இடைவெளியில், ஒவ்வொன்றிடமும் போய்க் கேட்டுவரும்.

ஐம்பது மெஷினில் ஏஜென்ட் நிறுவி, அப்டேட் போட்டுக் காப்பாற்றுகிற வேலை மிச்சம். ஆனால் அந்த ஐம்பது மெஷினுக்குள்ளும் நுழைகிற சாவி இப்போது ஒரே இடத்தில் இருக்கிறது. ஏஜென்ட் இல்லாத முறைக்குப் போகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். அடுத்த கேள்வியே அதற்கு உதாரணம்.

தக்கலை, முந்திரி ஏற்றுமதி அலுவலகம்: விண்டோஸ் சர்வர்களைச் சேர்க்க டொமைன் அட்மின் பாஸ்வேர்டு கேட்டார்கள். கொடுத்தோம், நன்றாக ஓடுகிறது. சரிதானே மேடம்?

சரி இல்லை சார், இன்றைக்கே மாற்றுங்கள். அந்தக் கண்காணிப்பு மெஷினுக்குள் ஒருவன் புகுந்துவிட்டால் உங்கள் மொத்த டொமைனும், அதாவது அதில் சேர்ந்த எல்லா மெஷினும், அவன் கையில். படிப்பதற்கு அட்மின் உரிமை தேவையில்லை. கண்காணிப்புக்கென்றே தனிக் கணக்கு ஒன்று உருவாக்குங்கள். அதை ஒவ்வொரு சர்வரிலும் 'பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் யூசர்ஸ்', 'டிஸ்ட்ரிபியூட்டட் காம் யூசர்ஸ்' என்ற இரண்டு குழுக்களில் சேர்த்து, டபிள்யூ.எம்.ஐ. செட்டிங்கில் அந்தக் கணக்குக்கு 'ரிமோட் எனேபிள்' கொடுங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் எல்லாம் வந்துவிடும். சர்வீஸ் நிலவரம் மட்டும் சில நேரம் வராது, அதற்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். அரை நாள் வேலைதான். சோம்பல்பட்டு அட்மின் கணக்கையே விட்டுவிடாதீர்கள்.

ஃபயர்வாலையும் பாருங்கள். டபிள்யூ.எம்.ஐ. 135-ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது மெஷினின் நெட்வொர்க் வாசல் எண்) தொடங்கி, 49152 முதல் 65535 வரை ஏதாவது ஒரு போர்ட்டுக்குத் தாவும். கிளை அலுவலகத்துக்கு இவ்வளவு அகலமாகத் திறந்துவைக்க மனசு வராது. உங்கள் மென்பொருளில் வின்ஆர்எம் (விண்டோஸைத் தூரத்திலிருந்து கையாளும் இன்னொரு வழி) வசதி இருந்தால் 5986 என்ற ஒரே போர்ட்டில் மறையாக்கத்தோடு (என்க்ரிப்ஷன்) முடித்துவிடலாம்.

ஸ்விட்ச்களில் 'பப்ளிக்' என்ற பழைய கம்யூனிட்டி பெயர் (எஸ்.என்.எம்.பி.க்குப் பாஸ்வேர்டு போன்றது) அப்படியே கிடக்கிறதா என்றும் தேடுங்கள். எஸ்.என்.எம்.பி. இரண்டாம் பதிப்பில் அந்தப் பெயர் மூடாமல் வெளிப்படையாகத்தான் லைனில் போகும். கருவி ஏற்றுக்கொள்ளுமானால் மூன்றாம் பதிப்புக்கு மாறுங்கள், பாஸ்வேர்டும் மறையாக்கமும் இரண்டையும் போட்டு.

நாகர்கோவில், ஆஸ்பத்திரி: திரையில் எல்லாம் பச்சை. ஆனால் பில்லிங் கவுன்டரில் வரிசை நிற்கிறது, சாஃப்ட்வேர் திறக்கவில்லை என்கிறார்கள். எதை நம்புவது?

வரிசையை நம்புங்கள். நீங்கள் வைத்திருப்பது பிங் ('இருக்கிறாயா' என்று கேட்டுப் பார்ப்பது) மட்டும் என்று நினைக்கிறேன். நெட்வொர்க் கார்டு உயிரோடு இருக்கிறது என்பதைத் தாண்டி பிங்குக்கு ஒன்றும் தெரியாது. டேட்டாபேஸ் தொங்கிக் கிடந்தாலும் அது பதில் சொல்லும். பில்லிங் பக்கத்தைக் கண்காணிப்பு மெஷினே திறந்து பார்க்கட்டும். பக்கத்தில் வரவேண்டிய ஒரு சொல் வருகிறதா, எத்தனை விநாடியில் வருகிறது என்று பதியட்டும். டேட்டாபேஸில் படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கால் சின்ன குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஒன்றும் ஓட்டுங்கள். இதற்கும் ஏஜென்ட் வேண்டாம்.

இடைவெளியையும் குறையுங்கள். மாதத்துக்கு 99.9 சதவீத நேரம் ஓட வேண்டும் என்றால் 30 நாளில் 43 நிமிடம்தான் நிற்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால், நடுவில் மூன்று நிமிடம் நின்றது கணக்கிலேயே வராமல் போகலாம். பில்லிங், லேப் ரிப்போர்ட் இரண்டுக்கும் ஒரு நிமிடம் வையுங்கள். பிரின்டருக்கு ஐந்தே போதும்.

குளச்சல்: மழைக்காலத்தில் லைன் போனால் கிளையிலுள்ள எல்லாக் கருவிக்கும் அலர்ட் வந்து போன் அதிர்கிறது. கரன்ட் போனாலோ ஒரு அலர்ட்டும் வருவதில்லை.

முதலாவதற்கு, கண்காணிப்பு மென்பொருளில் கிளை ரவுட்டரை மற்றவற்றுக்குப் 'பேரன்ட்' (அவை நம்பியிருக்கும் மேல் கருவி) ஆக வையுங்கள். ரவுட்டர் போனால் ஒரே அலர்ட் வரும்.

இரண்டாவது பெரிய விஷயம். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கண்காணிப்பு மெஷினும் அதே யுபிஎஸ், அதே பிராட்பேண்டில் இருந்தால், சொல்ல வேண்டிய நேரத்தில் அதுவும் சேர்ந்து ஊமையாகிவிடும். அதற்கும் மோடமுக்கும் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் கொடுங்கள், சிம் போட்ட மோடம் வழியே எஸ்.எம்.எஸ். போகட்டும். வெளியூரில் ஏதாவது ஒரு மெஷின் உங்கள் கண்காணிப்பு மெஷினையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். பெரிய யுபிஎஸ்ஸில் நெட்வொர்க் கார்டு இருந்தால் பேட்டரி இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை எஸ்.என்.எம்.பி. வழியே கேட்டு, பத்து நிமிடத்துக்குக் கீழே போனால் சர்வரை ஒழுங்காக அணைக்கச் சொல்லலாம்.

குலசேகரம்: ஒரு ஜிகாபிட் லைனின் கிராஃப் தாறுமாறாக வருகிறது. ஸ்விட்ச் கெட்டுப்போச்சா அக்கா?

ஸ்விட்ச் நன்றாகவே இருக்கும். லைனில் போன டேட்டாவை எண்ணுகிற 32 பிட் கவுன்டரை எடுக்கிறீர்கள். முழு வேகத்தில் அது 34 விநாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். 64 பிட் கவுன்டருக்கு மாற்றுங்கள்.

ஆரல்வாய்மொழி: அப்படியானால் ஏஜென்ட்டே வேண்டாமா?

சில இடத்தில் வேண்டும். லைன் அறுந்திருந்த நேரத்தின் தகவலும் பிறகு வந்து சேர வேண்டுமென்றால் உள்ளேயே சேர்த்துவைக்க ஓர் ஏஜென்ட் தேவை. லாக் ஃபைலை வரிவரியாகப் பார்க்கவும், வீட்டிலிருந்து வேலை செய்பவரின் லேப்டாப்பைப் பார்க்கவும் அதுவே வசதி. ஜாபிக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் இரண்டு முறையும் உண்டு. ஸ்விட்ச், யுபிஎஸ், விஎம் (வர்ச்சுவல் மெஷின்) எல்லாம் ஏஜென்ட் இல்லாமல் ஓடட்டும். முக்கியமான இரண்டு மூன்று சர்வருக்கு மட்டும் ஏஜென்ட் போடுங்கள்.