மெஷினில் ஒட்டிய கியூஆர் ‘நாட் ஃபவுண்ட்’ என்கிறதே!

கேள்வி: கோவையில் வெட் கிரைண்டர் தயாரித்து விற்கிறோம். ஒவ்வொரு மெஷினின் அடியிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் உண்டு. ஸ்கேன் செய்தால் அந்த மாடலுக்கான பெல்ட், கல், டிரம் எல்லாம் உள்ள பக்கம் திறக்கும். சமீபத்தில் பழைய விண்டோஸ் ஹோஸ்டிங்கை விட்டு லினக்ஸ் ஹோஸ்டிங்குக்கு மாறி, வெப்சைட்டை வேர்ட்பிரஸில் புதிதாகச் செய்தோம். இப்போது ஸ்கேன் செய்தால் ‘பேஜ் நாட் ஃபவுண்ட்’ என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வருகிறது. எல்லாவற்றையும் ஹோம் பேஜுக்குத் திருப்பிவிடலாம் என்கிறார் டிசைனர். அழகாக ஒரு எரர் பேஜ் போட்டால் போதும் என்கிறான் என் மகன். எது சரி?

பதில்: மகன் சொல்வதில் பாதி சரி. டிசைனர் சொல்வது வேண்டாம்.

பெல்ட் அறுந்துபோய் ஸ்கேன் செய்பவருக்கு ஹோம் பேஜில் புது மாடல் விளம்பரம்தான் ஓடும். என்ன நடந்தது என்றே அவருக்குப் புரியாது. மறுபடி ஸ்கேன் செய்வார், அதே விளம்பரம். கூகுளும் இப்படி மொத்தமாக ஹோம் பேஜுக்குத் திருப்புவதை ‘சாஃப்ட் 404’ என்றுதான் கணக்கில் வைக்கும் (404 என்பது ‘பக்கம் இல்லை’ என்று சர்வர் சொல்லும் எண்). பழைய பக்கங்கள் சேர்த்த மதிப்பு ஹோம் பேஜுக்கு வந்து சேராது. இன்னொரு நஷ்டமும் உண்டு: எந்த லிங்க் உடைந்திருக்கிறது என்ற பதிவே உங்கள் கைக்கு வராது.

எரர் பேஜுக்கு முன்னால் ஸ்டிக்கரைக் கவனியுங்கள். ஒட்டிய ஸ்டிக்கரை உரித்து மாற்ற முடியாது, ஆனால் அது காட்டும் முகவரியைச் சர்வரில் திருப்பலாம். ‘ரீடைரக்‌ஷன்’ என்ற இலவச பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்) போதும். 20 மாடல் என்றால் 20 வரி: இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதே மாடலின் புதுப் பக்கம், வகை 301, அதாவது ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’. ‘இக்னோர் கேஸ்’ என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள். விண்டோஸ் சர்வர் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். ஸ்டிக்கரில் மாடல் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தால், நீங்கள் சின்ன எழுத்தில் எழுதிய வரி அதற்குப் பொருந்தாது. மெஷின் 10 வருஷம் ஓடும் என்றால் இந்த வரிகளும் அத்தனை வருஷம் இருக்கட்டும்.

அடுத்த முறை ஸ்டிக்கர் அடிக்கும்போது முகவரி குட்டியாக, ஆங்கிலச் சின்ன எழுத்தில், கடைசியில் .html மாதிரி கோப்பு வகை ஒட்டாமல் இருக்கட்டும். தமிழில் முகவரி வைக்க ஆசைப்படுவீர்கள்; வேண்டாம். ஒரு ‘க’ லிங்கில் 9 குறிகளாக விரியும், ‘கி’ என்றால் 18. கியூஆரில் கட்டங்கள் நெருங்கிப்போய், அரை இருட்டுச் சமையலறையில் போன் திணறும். போதாததற்கு, வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயரை 200 குறிகளோடு நறுக்கிவிடும்.

இனி எரர் பேஜ். பாதி அழிந்த ஸ்டிக்கர், வாட்ஸ்அப்பில் அரைகுறையாக காப்பி ஆன லிங்க், நீங்கள் விட்டுவிட்ட பழைய பக்கம் என்று யாராவது அங்கே வந்து நிற்கத்தான் செய்வார்கள். திரை நிறைய 404 என்ற எண், சோக பொம்மை, ‘அச்சச்சோ’ எதுவும் வேண்டாம். ‘நீங்கள் தவறான முகவரியைத் தட்டியிருக்கிறீர்கள்’ என்றும் எழுதாதீர்கள். தவறு பெரும்பாலும் நம் பக்கம்தான். இப்படி எழுதலாம்:

“இந்தப் பக்கம் இடம் மாறிவிட்டது. உதிரி பாகம் வேண்டுமா? உங்கள் மாடலைத் தொடுங்கள். மாடல் எண் தெரியவில்லை என்றால் மெஷினில் உள்ள தகட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.”

அதன் கீழே அதிகம் விற்ற ஐந்தாறு மாடல்களின் சின்னப் படங்கள், ‘எல்லா மாடல்களும்’ என்று ஒரு லிங்க், போன் பட்டன், வாட்ஸ்அப் பட்டன், கடை நேரம். அவ்வளவுதான். போன் பட்டனில் லேண்ட்லைன் போட்டால் +91 சேர்த்து, 0422-இல் உள்ள 0-வை எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் லிங்கில் பிளஸ் குறியும் இருக்கக் கூடாது, முன்னால் பூஜ்யமும் கூடாது. 91-ம் பத்து இலக்கமும் மட்டும். அந்த லிங்கிலேயே செய்தியை முன்கூட்டி நிரப்பும் வசதி இருக்கிறது. ‘இந்த லிங்க் திறக்கவில்லை’ என்ற வரியோடு, அவர் திறக்கப் பார்த்த முகவரியையும் நாலு வரி ஜாவாஸ்கிரிப்டில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் எதையும் விளக்க வேண்டாம். முகவரியைப் பார்த்தே எந்த மாடல் என்று உங்கள் ஆள் சொல்லிவிடுவார்.

தேடல் பெட்டி வைப்பதென்றால் முதலில் அதில் ‘பெல்ட்’ என்று தமிழில் அடித்துப் பாருங்கள். வேர்ட்பிரஸின் சாதாரணத் தேடல் பக்கத்தில் உள்ள எழுத்தை அப்படியே ஒப்பிடும். விவரம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. பாகங்களின் தமிழ்ப் பெயரையும் ஒவ்வொரு பக்கத்தில் சேருங்கள், அல்லது பெட்டியையே எடுத்துவிடுங்கள். ஐந்து விநாடியில் தானாக ஹோம் பேஜுக்குத் தாவும் வேலையும் கூடாது. வாசித்து முடிப்பதற்குள் போன் நம்பர் ஓடிவிடும்.

டிசைனர்கள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம் ஒன்று. எரர் பேஜைச் சாதாரணப் பக்கமாகச் செய்துவிட்டு, இல்லாத முகவரிகளை அதற்கு ரீடைரக்ட் செய்வார்கள். பார்வைக்குச் சரியாக இருக்கும், ஆனால் சர்வர் ‘200, எல்லாம் நலம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். முகவரி மாறாமல், 404 என்ற பதிலோடுதான் பக்கம் வர வேண்டும். புதுவகை பிளாக் தீம் என்றால் சைட் எடிட்டரில் ‘டெம்ப்ளேட்ஸ்’ பகுதியில் 404 இருக்கும், அதைத் திருத்தினால் போதும். பழைய வகை என்றால் சைல்டு தீமுக்குள் (மூல தீமைத் தொடாமல் நம் திருத்தங்களை மட்டும் வைக்கும் துணை தீம்) 404 கோப்பு வைக்க வேண்டும். மூல தீமில் வைத்தால் அடுத்த அப்டேட்டில் போய்விடும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சி-பேனலில் ‘எரர் பேஜஸ்’ என்று ஒன்று கண்ணில் படும். அதில் மெனக்கெட வேண்டாம். இல்லாத முகவரிகளை வேர்ட்பிரஸ் தானே வாங்கிக்கொள்வதால் அந்தப் பக்கம் இங்கே வெளியே வராது.

பக்கம் இலகுவாக இருப்பதும் முக்கியம். தளத்தில் ஒரு படம் காணாமல் போனால்கூட, அந்தப் படத்துக்குப் பதிலாக இந்த எரர் பேஜைத் தயாரிக்க முழு வேர்ட்பிரஸும் டேட்டாபேஸும் எழுந்து வேலை செய்யும். அங்கே ஸ்லைடர், வீடியோ எல்லாம் வைத்தால் மலிவு ஹோஸ்டிங் மூச்சுத் திணறும். டேட்டாபேஸே படுத்துவிட்டால் இந்தப் பக்கமும் வராது. அதற்கு வேர்ட்பிரஸின் கன்டென்ட் ஃபோல்டரில் ‘டிபி-எரர்’ என்ற பிஎச்பி கோப்பைத் தனியாக வைக்கலாம். கடைப் பெயர், போன், ‘சிறிது நேரத்தில் வாருங்கள்’, கூடவே 503 (‘தற்காலிகமாக இயங்கவில்லை’) என்ற பதிலை அனுப்பும் ஒரு வரி. அந்த எண்ணை வேர்ட்பிரஸ் தானாக அனுப்பாது.

சோதிக்கும்போது நாலு விதமாகப் பாருங்கள்: டொமைன் பெயரை ஒட்டி ஏதாவது உளறல், இரண்டு மூன்று சாய்கோடு தாண்டி ஒரு உளறல், பழைய ஸ்டிக்கர் முகவரி பெரிய எழுத்தில் ஒன்று, ஸ்டிக்கரில் உள்ளபடியே ஒன்று. இரண்டாவதில் மட்டும் பக்கம் நிறமும் வடிவமும் இல்லாமல் வெறும் எழுத்தாக வந்தால், டிசைன் கோப்பின் பாதை சாய்கோட்டில் தொடங்கவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் எஃப்12 அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து வைத்துவிட்டு, சோதிக்கும் முகவரியை மறுபடி அடித்தால் முதல் வரியிலேயே ஸ்டேட்டஸ் தெரியும். உளறல்களுக்கு 404, ஸ்டிக்கர் முகவரி இரண்டுக்கும் 301 வர வேண்டும்.

அதே பிளகினில் 404 பதிவேடும் இருக்கிறது. முதல் மாதம் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்களிடம் இல்லவே இல்லாத லாகின் பக்கங்களையும் பேக்கப் கோப்புகளையும் தேடி வந்த வரிகள் ஏராளமாக இருக்கும். அவை ஓட்டை தேடும் ரோபோக்கள், விட்டுவிடலாம். மாடல் பெயரோடு ஒரே முகவரி இரண்டு மூன்று முறை தென்பட்டால், அதற்கு அன்றைக்கே ஒரு 301 வரி சேர்த்துவிடுங்கள்.