லீவு யாருடைய கணக்கில்?

அன்புள்ள அக்காவுக்கு,

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் மூன்றாம் தரம் படிப்பிக்கிறேன். மகனுக்கு ஐந்து வயது. மூன்றரை வயதில் ஓட்டிசம் என்று சொன்னார்கள். மாதம் ஒருமுறை பேராதனைக்குக் கிளினிக் போகிறோம், விடியற்காலை நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். கணவர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை, மாதத்தில் ஒரு தடவை வந்தால் பெரிது. நான் பாடசாலையில் இருக்கும் நேரம் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார், தேயிலை மலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தினமும் வீட்டில் பயிற்சி கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். நான் வந்து சமைத்து, துவைத்து, பாடக்குறிப்பு எழுதி முடிப்பதற்குள் அவன் தூங்கிவிடுகிறான். லீவு கேட்டுப் போனால் அதிபரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டில் எல்லாரும் வேலையை விடச் சொல்கிறார்கள், கணவரும்தான். பிள்ளையைவிட வேலை பெரிதா என்று என் அம்மாவே கேட்கிறார். ஜனவரியில் முதலாம் தரத்தில் சேர்க்க வேண்டும். என் பாடசாலைக்கும், டவுனில் விசேட கல்வி அலகு இருக்கிற பாடசாலைக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். வேலையை விடட்டுமா? என் பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம்.

— ஒரு தங்கச்சி

அன்புள்ள தங்கச்சி,

வேலையை விடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உங்கள் கடிதத்தில் லீவு என்ற சொல் உங்கள் பெயரோடு மட்டும்தான் வருகிறது, கவனித்தீர்களா? கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதற்கும் சட்டப்படி லீவு இருக்கிறது. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி ஒரு வருடம் முடித்தவருக்கு 14 நாள் வருடாந்த லீவு, அது போக 7 நாள் சாதாரண லீவு, வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. முதலாளி முகம் சுளிக்காமல் தருவாரா என்பது வேறு கதை, கொழும்புக் கடைகளில் நம் பிள்ளைகள் படுகிற பாடு எனக்கும் தெரியும். ஆனால் அந்த லீவை அவர் மகனுக்காக ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாரா? அதிபரிடம் நீங்கள் தலைகுனிந்து நிற்பதுபோல அவரும் ஒரு தடவை முதலாளியிடம் போய் நிற்கட்டும். அதற்கு முன்னால் 'நீ வேலையை விடு' என்று சொல்ல அவருக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அடுத்தது ஓய்வூதியம். நீங்கள் அரச ஆசிரியை, ராஜினாமா செய்தால் அது போய்விடும். சம்பளத்தில் மாதா மாதம் விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்தவர்), அநாதைகள் ஓய்வூதியத்துக்கென்று ஒரு தொகை பிடிப்பார்கள், சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சொந்தமாக உழைத்துச் சாப்பிட முடியாத அளவுக்குக் குறைபாடுள்ள பிள்ளைக்கு, மற்றப் பிள்ளைகளுக்குரிய வயது எல்லை கடந்தும் அந்த ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது. உங்கள் மகன் நாளைக்குச் சொந்தக் காலில் நிற்கலாம், பல பிள்ளைகள் நிற்கிறார்கள். நிற்காவிட்டால்? நாம் போன பிறகு இவனுக்கு யார் என்று இராத்திரியில் யோசித்திருப்பீர்கள், யோசிக்காத தாய் இல்லை. அந்தக் கேள்விக்கு இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற ஒரே உருப்படியான பதில் இந்த வேலைதான். நியமனக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய், உங்கள் நியமனத்துக்கு என்ன விதி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

(இதை வாசிக்கிற மலை வேலைக்காரத் தாய்மார்களுக்கு ஒன்று. குறைபாடுள்ளவர்களுக்கான மாதக் கொடுப்பனவை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக்கினார்கள். அது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு. கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கிறோம், நமக்கெல்லாம் தரமாட்டார்கள் என்று நீங்களே முடிவு பண்ணிவிடாதீர்கள்.)

இனி உங்களை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன், அந்தத் தினப் பயிற்சி. மேசை போட்டு, பொம்மை எடுத்து வைத்து, அரை மணித்தியாலம் உட்கார வைப்பதுதான் பயிற்சி என்று நினைத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு நாளும் நேரம் கிடைக்காது. உங்களுக்கு மட்டுமா, வீட்டிலேயே இருக்கிற தாய்க்கும் கிடைக்காது. காலையில் ரொட்டி கொடுக்கிறீர்கள் அல்லவா? முழு ரொட்டியைத் தட்டில் வைக்காமல் ஒரு துண்டு மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். அவன் உங்களைப் பார்க்கட்டும், கையை நீட்டட்டும், ஒரு சத்தம் போடட்டும். அது வருகிற வரைக்கும் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். வந்தவுடன் 'ரொட்டி' என்று சொல்லிக் கொடுங்கள். மாரி பிஸ்கட் டப்பாவை அவனால் திறக்க முடியாதபடி மூடிக் கையில் கொடுத்தால் திரும்பக் கொண்டுவந்து உங்களிடம் நீட்டுவான். அதுவும் பேச்சுதான். பயிற்சிக்குத் தனி நேரம் தேடாமல், எப்படியும் செய்கிற காரியத்துக்குள் இதை நுழைக்க முடியும். ரொட்டி சுடுகிறவர் மாமியார் என்றால் பாதிப் பயிற்சி அவர் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுவது. கிளினிக்கில் ஸ்பீச் தெரப்பி சிங்களத்தில் நடப்பதால் வீட்டிலும் சிங்களத்திலேயே பேசுங்கள், இரண்டு மொழி என்றால் பிள்ளை குழம்பிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பின்தங்குவதில்லை, இதை ஆராய்ந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். பாட்டியோடு பேச முடியாத மொழியை வைத்துக்கொண்டு அவன் லயத்தில் யாரோடு பேசப்போகிறான்?

மாமியாரைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதில் கொஞ்சம் சலிப்பும் தெரிகிறது. அவர் பார்த்துக்கொள்வது சரியில்லை என்று உங்களுக்கு ஒரு எண்ணம் இருக்கலாம். என் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்கு டவுன் சிண்ட்ரோம், அந்தப் பெயர் எங்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். ஐந்து வயது வரை பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில், விட்டுவிட்டு அம்மா மலைக்குப் போனார். அதற்குப் பிறகு அங்கே வைத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும், அதனால் பாதியில் வரவும் முடியாது. சில நாள் தம்பியை உள்ளே விட்டு, எங்கள் காம்பராவை வெளியில் கொண்டி போட்டுவிட்டுப் போவார், வேறு வழியில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் எல்லாரும் சேர்ந்து பிள்ளை வளர்த்தோம் என்று இப்போது சிலர் எழுதுவதை வாசித்தால் எனக்கு இந்தக் கொண்டிதான் ஞாபகம் வரும். அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர், அன்றைக்குக் கொடுத்த கணக்கு மரம் முடித்து ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனாலும் தம்பி அம்மாவின் வேலை. அது யாரும் பேசி முடிவு பண்ணியது கிடையாது.

அப்புறம் அம்மாவுக்கு ஒப்பரேஷன், நுவரெலியா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். தம்பிக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினால் லயமே கூடும்படி அலறுவான், அம்மா பிடித்து அமுக்கித்தான் குளிப்பாட்டுவார். அப்பாவுக்கு அந்தப் பலவந்தம் வரவில்லை. தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் கோப்பையை அவன் கையில் கொடுத்து, முதலில் தன் காலில் ஊற்றச் சொன்னார். அவன் அப்பாவின் காலில் ஊற்றினான், பிறகு தன் காலில், பிறகு முழங்காலில், வயிற்றில். கடைசியில் தலைக்கு வந்தது. அம்மா திரும்பி வந்து இதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டாரா கோபப்பட்டாரா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அம்மா பக்கத்தில் நின்று 'அப்படி இல்லை, இப்படி' என்று சொல்லிக்கொண்டிருந்திருந்தால் அப்பா இரண்டாம் நாளே கோப்பையைக் கொடுத்துவிட்டு நகர்ந்திருப்பார்.

ஆகவே உங்கள் கணவர் வீட்டுக்கு வருகிற நாளில் நீங்கள் வெளியே போங்கள். சந்தைக்குப் போங்கள், சிநேகிதி வீட்டுக்குப் போங்கள், ஒன்றும் இல்லாவிட்டால் ஹட்டனில் ஒரு டீ குடித்துவிட்டுப் பின்னேரம் வாருங்கள். போனை அணைத்து வைக்கச் சொல்லவில்லை, ஆனால் நீங்களாக எடுத்துக் கேட்காதீர்கள். பிள்ளை அழுவான், அவரும் திணறுவார், சாயந்தரம் உங்களிடம் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை. மாமியாருக்கும் இதேதான். அவர் கோயிலுக்கு நேர்த்தி வைத்தால் வைக்கட்டும், மந்திரித்துக் கயிறு கட்டினால் கட்டட்டும், அதில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். அடிப்பதும் கிளினிக்கை நிறுத்துவதும்தான் கூடாது, அந்த இரண்டில் மட்டும் உறுதியாக இருங்கள்.

பாடசாலை. முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், ஐந்திலிருந்து பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி, 2016இலிருந்து அதுதான் விதி. 'இந்த மாதிரிப் பிள்ளையை எடுக்க முடியாது' என்று வாசலில் வைத்து யாராவது சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள்.

உங்கள் பாடசாலையா, டவுனா என்றால், விசேட கல்விக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் உண்மையிலேயே அங்கே இருக்கிறாரா, தமிழில் படிப்பிக்கிறாரா என்று ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். அறைக்கு வெளியே பலகை மட்டும் மாட்டியிருக்கலாம். இரண்டுக்கும் ஆம் என்றால் டவுனுக்கே அனுப்புங்கள், வேன் செலவானாலும் பரவாயில்லை. தாய் படிப்பிக்கிற பாடசாலையில் பிள்ளை இருந்தால், அவன் அழும்போதெல்லாம், மேசைக்கடியில் போய் உட்காரும்போதெல்லாம், 'டீச்சர், உங்க மகன்' என்று ஒரு பிள்ளை உங்கள் வகுப்பு வாசலில் வந்து நிற்கும். உங்கள் முப்பது பிள்ளைகளும் பாடம் இழப்பார்கள், அவனுடைய டீச்சரும் அவனைச் சமாளிக்கப் பழக மாட்டார். வேறு வழியில்லாமல் உங்கள் பாடசாலையிலேயே சேர்த்தால் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்: காயம், காய்ச்சல், வலிப்பு என்றால் கூப்பிடுங்கள், அழுகைக்குக் கூப்பிடாதீர்கள்.

அதிபரிடம் அன்றன்றைக்குப் போய் நிற்காமல், தவணை தொடங்கும்போதே கிளினிக் திகதிகளை எழுதி, கார்டின் பிரதியோடு கொடுத்துவிடுங்கள். அந்த நாளில் உங்கள் வகுப்பை யார் பார்ப்பார் என்பதையும் நீங்களே பேசி முடித்து அதில் எழுதுங்கள், அவருக்குத் தலைவலி பாதி குறையும். கிளினிக்கிலும் கேட்டுப் பாருங்கள், பாடசாலை விடுமுறைக்குள் திகதி போடலாமா, அல்லது வீட்டுப் பயிற்சியை எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரலாமா என்று. கேட்டால் சில வேளை தருவார்கள். கேட்காமல் யாரும் தரப்போவதில்லை.

தீபாவளிக்குக் கணவர் எப்படியும் வருவார், கொழும்பிலிருந்து வராத ஆள் உண்டா? அந்த வாரத்திலேயே பேராதனையில் திகதி கிடைக்குமா என்று இப்போதே கேளுங்கள். கிடைத்தால் லீவை ஒரு நாள் கூட்டிப் போடச் சொல்லி, கார்டை அவர் கையில் கொடுங்கள். மகனைக் கூட்டிக்கொண்டு அவரும் மாமியாரும் நாலு மணி பஸ்ஸுக்குப் போகட்டும், நீங்கள் வீட்டில் இருங்கள்.

அன்புடன்,
அக்கா