விமான நிறுவனத்தை விடுங்கள், முதலில் அந்தப் பதிவை நீக்குங்கள்

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். மகள் லண்டனில் படிப்பை முடித்து, ஜூலையில் பட்டமளிப்பு. நானும் மனைவியும் போகவேண்டியிருந்தது. மைல்ஸ் (விமான நிறுவனங்கள் உறுப்பினர்களுக்குத் தரும் பயணப் புள்ளிகள்) வைத்து பிசினஸ் கிளாஸ் டிக்கெட் மலிவாகப் போட்டுத் தரும் ஓர் அண்ணனை அலுவலக நண்பர் அறிமுகப்படுத்தினார். இரண்டு பேருக்கும் போகவர 6,400 வெள்ளி, பேநவ்வில் அனுப்பினேன். போகும்போது ராஜமரியாதை. திரும்பும்போது ஹீத்ரோ கவுன்டரில், "இந்த முன்பதிவு ரத்தாகிவிட்டது, கணக்கு விசாரணையில் இருக்கிறது" என்றார்கள். மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். 2,900 வெள்ளிக்கு இரண்டு எகானமி டிக்கெட் வாங்கி ஊர் வந்தோம். அந்த ஆள் இப்போது 2,500 வெள்ளி தருகிறேன் என்கிறார். விமான நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா? இவர் மீது ஏமாற்றியதாகப் போலிஸ் புகார் கொடுத்து, 6,400, 2,900, மன உளைச்சலுக்கு 5,000 என மொத்தம் 14,300 வெள்ளி வாங்க முடியுமா? இன்னொருவர் ஏமாறக்கூடாது என்று மனைவி அவருடைய படம், கைப்பேசி எண், புளோக், வீட்டு எண் எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கிலும் நான்கு வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டிருக்கிறாள்.

பதில்:

உங்கள் கடிதம் மூன்று பக்கம். அதில் இரண்டே கால் பக்கம் ஹீத்ரோவில் பட்ட அவமானம். கவுன்டர் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டது, பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்தது, மகளின் தோழி வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. கஷ்டம்தான். வழக்குக்கு அதில் ஒரு வரிகூட உதவாது.

நான் இரண்டு முறை படித்தது கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிய வரியைத்தான். "அவர் மைல்ஸ் கணக்கின் லாகினும் பாஸ்வேர்டும் அனுப்பினார், ஓடிபி வந்ததும் நானே உள்ளே போய் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு சீட்டையும் எடுத்துவிட்டேன். திரையில் யாரோ ஒரு பெண்மணியின் பெயர் வந்தது." நீங்கள் கெட்டிக்காரத்தனம் என்று எழுதியதுதான் இந்த விவகாரத்தின் முடிச்சு. அதற்கு வருகிறேன்.

முதலில் விமான நிறுவனம். அவர்களோடு மைல்ஸ் ஒப்பந்தம் செய்தவர் அந்தப் பெண்மணி, நீங்கள் அல்ல. எந்த நிறுவனத்தின் மைல்ஸ் திட்டத்திலும் சேரும்போது ஒப்புக்கொள்ளும் விதிகளில், மைல்களை விற்கக்கூடாது, விற்றால் டிக்கெட் ரத்து, கணக்கு முடக்கம் என்று இருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல்ஸ் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் கூட (உங்கள் டிக்கெட் வேறு நிறுவனத்தினுடையது, உதாரணத்துக்குச் சொல்கிறேன்) அடுத்தவருக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால் அவரை நாமினியாகச் சேர்க்கவேண்டும், அதுவும் ஐந்து பேர் வரைதான். இந்தக் கட்டுப்பாடெல்லாம் உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்துப் போட்டதுதான். சொந்தக் கணக்கை நிறுத்தியதற்காக வழக்குப் போட்ட உறுப்பினரே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2014ல் தோற்றுப் போனார். அந்த நாட்டு விமானச் சட்டத்தின் தனிக் காரணம் அது, இங்கே அப்படியே பொருந்தாது. ஆனாலும் அவர் உறுப்பினர். நீங்கள் அதுகூட இல்லை.

விமானத்தில் ஏற்ற மறுத்ததற்கு ஆளுக்கு 520 பவுண்டு இழப்பீடு கேட்கலாம் என்று உங்கள் மருமகப்பிள்ளை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அது முழுப் பொய் இல்லை. பிரிட்டனிலிருந்து புறப்படும் விமானங்களுக்கு அந்த நாட்டு இழப்பீட்டு விதி உண்டு, மைல்ஸ் டிக்கெட்டுக்கும் அது பொருந்தும், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்குத் தொகை ஆளுக்கு 520 பவுண்டு. ஆனால் உறுதி செய்யப்பட்ட முன்பதிவு கையில் இருந்தும் ஏற்ற மறுத்தார்கள் என்று காட்டவேண்டும். "எந்த அடிப்படையில் ரத்து செய்தோம்" என்று பதில் எழுத அந்தக் கணக்கின் மொத்த வரலாற்றையும் அவர்கள் திறப்பார்கள். எந்தக் கைப்பேசியிலிருந்து யார் உள்ளே வந்தார் என்பதும் அதில் வரும். ஆயிரத்துச் சொச்சம் பவுண்டுக்காக அந்தக் கதவைத் தட்டவேண்டாம்.

ஆக, உங்களுக்கு வழக்கு என்று இருப்பது பணம் வாங்கியவர் மீது மட்டும்தான். போகவர டிக்கெட் தருகிறேன் என்றார், போக மட்டும் தந்தார். இவ்வளவுதான் சட்டத்துக்குத் தெரியும். இதற்கு இடம் அரசு நீதிமன்றங்களில் உள்ள சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை விசாரிப்பார்கள், இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும், வக்கீல் உள்ளே வரமுடியாது. தனி ஆளோடு தனி ஆளுக்கு உள்ள தகராறு என்பதால் பயனீட்டாளர் சங்கத்துக்கு நடப்பது வீண்.

இப்போது 14,300ஐப் பிரிப்போம். முழு 6,400 கிடைக்காது. போகும் வழியில் படுத்துத் தூங்கிப் போனீர்கள் அல்லவா, அதற்குப் பாதி போய்விடும். மிச்சம் 3,200. வேறு டிக்கெட் வாங்கிய 2,900ஐ அதன் மேல் அப்படியே கூட்ட முடியாது, ஒரே நஷ்டத்தை இரண்டு முறை கேட்பது போல ஆகும். மன உளைச்சலுக்கு 5,000 என்பதை மறந்துவிடுங்கள். சுற்றுலா ஒப்பந்தம் கெட்டதற்கு ஏமாற்றத் தொகை கொடுத்த ஆங்கிலேயத் தீர்ப்புகள் உண்டு. வாட்ஸ்அப்பில் பேரம் பேசிய தள்ளுபடி டிக்கெட்டுக்கு அதைக் காட்டினால் சிரிக்காமல் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம். நடுவர் உங்கள் பக்கம் சாய்ந்தால் 3,000 வெள்ளி சுற்றி வரும். அவர் இப்போதே 2,500 தருகிறேன் என்கிறார். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள 500 வெள்ளிக்காகத்தான் நீங்கள் இத்தனை கத்தியைத் தீட்டுகிறீர்கள்.

அந்த 500க்கு என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்று பாருங்கள்.

நீங்கள் இணைத்த வாட்ஸ்அப் உரையாடலில் மே மாதச் செய்தி ஒன்று இருக்கிறது. "ஏர்லைன்ஸ்காரங்க கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லணுமாண்ணே?" அவர் ஒரு கட்டைவிரலை அனுப்பியிருக்கிறார். ஹீத்ரோவில் கேட்டபோது கணக்குக்காரர் "என் சித்தி" என்று நீங்கள் சொன்னீர்கள். சித்தியின் பெயர் என்ன என்று அடுத்து கேட்டார்கள், நீங்கள் திரையில் பார்த்ததை நினைவுபடுத்தி பாதிப் பெயரைச் சொன்னீர்கள். விமான நிறுவனத்தின் விதியை மீறுவது தன்னளவில் குற்றம் இல்லை, அதனால் மட்டும் உங்கள் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஆனால் விற்றவர், "இவருக்கு எல்லாம் தெரியும், ரத்தாகும் ஆபத்து தெரிந்துதான் மலிவாக வாங்கினார்" என்று சொல்ல அந்த ஒரு செய்தி போதும்.

போலிஸ் புகார் இதைவிட மோசம். இப்படி வருகிறவர்களை நான் ஆண்டுக்கு நாலைந்து பேராவது பார்க்கிறேன். புகார்தாரராக உள்ளே போகிறார்கள், கைப்பேசியைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறார்கள். அந்தப் பெண்மணி யார்? விற்றவரின் மனைவியோ அம்மாவோ என்றால் அது வேறு. அவர் சம்மதம் இல்லாமல் பாஸ்வேர்டைப் பிடித்து யாரோ காலி செய்த கணக்கு என்றால், அவருடைய கணக்குக்குள் உங்கள் கைப்பேசியிலிருந்து போனது நீங்கள். அதிகாரம் இல்லை என்று தெரிந்தே அடுத்தவர் கணக்குக்குள் நுழைவது கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "தெரிந்தே" என்பதை அவர்கள் நிரூபிக்கவேண்டும், உண்மைதான். வேறு பெயரைப் பார்த்தும் சீட்டு எடுத்ததையும், சித்தி கதையையும் வைத்துக்கொண்டு நிரூபிக்க முயல்வார்கள். சித்தி கதையைப் புகாரிலும் சொல்லிவைத்தால், அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்த குற்றம் தனியாக வரும். அதற்கும் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

அதற்காக உரையாடல்களை அழிக்காதீர்கள். ஓர் எழுத்தைக்கூடத் தொடாதீர்கள். அழிப்பதும் ஒரு குற்றம், அதற்கு யாரும் தப்பு வழி சொல்லித் தரமுடியாது.

மனைவியின் பதிவுக்கு வருகிறேன். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலை அதுதான். ஒருவரைத் துன்புறுத்தும் எண்ணத்தோடு அவருடைய படம், தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றை வெளியிடுவது 2020 ஜனவரி முதல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. "மற்றவர்களை எச்சரித்தேன்" என்பது மனைவியின் பதில். எச்சரிக்க ஆளின் பெயர் போதுமே, வீட்டு எண் எதற்கு? "இவன் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள்" என்று உங்கள் மனைவி எழுதவில்லை. கீழே கருத்துச் சொன்ன மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள், அதில் ஒருவருக்கு அவர் இதயக்குறி போட்டிருக்கிறார்.

கல்யாணச் சாப்பாட்டுக்குக் கொடுத்த முன்பணம் 1,800 வெள்ளி திரும்ப வரவில்லை என்று ஒரு அம்மா என்னிடம் வந்தார். நியாயம் முழுக்க அவர் பக்கம். ஆனால் அதற்கு முந்தைய வாரமே சமையல்காரரின் படத்தைப் போட்டிருந்தார், படத்தில் அவருடைய சின்ன மகளும் இருந்தாள். போலிஸ் முதலில் கூப்பிட்டது இந்த அம்மாவைத்தான். அந்தப் பக்கம் துன்புறுத்தலுக்கான தனி நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாப்பு ஆணை கேட்டார்கள். கடைசியில் 1,800ஐயும் விட்டுக்கொடுத்து, எழுத்தில் மன்னிப்பும் கேட்டு முடித்தோம். அந்த மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்.

எனவே பதிவை அப்படியே படம்பிடித்து வைத்துக்கொண்டு, ஐந்து இடத்திலும் நீக்கச் சொல்லுங்கள். விளக்கம், "உண்மையை மறைக்கமாட்டோம்" போன்ற அடுத்த பதிவு எதுவும் வேண்டாம். மனைவி கோபப்படுவார். அந்தக் கோபத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு விற்றவரிடம் ஒரே கேள்வி, நிதானமாக, எழுத்தில்: அந்தக் கணக்கு யாருடையது, அவருக்குத் தெரிந்துதான் டிக்கெட் எடுத்தீர்களா? "என் அம்மாவோடது, அவங்ககிட்ட கேட்டுத்தான் எடுத்தேன்" என்று நேராகப் பதில் வந்து, அம்மாவும் அதை உறுதி செய்தால், 2,500ஐ வாங்கிக்கொண்டு முடியுங்கள். 3,000 கேட்டுப் பாருங்கள், 2,800ல் நிற்பார் என்பது என் ஊகம். மழுப்பினால் ஒரு பைசாவும் வாங்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், குற்றவியல் வக்கீல் ஒருவரை நேரில் போய்ப் பாருங்கள். திருட்டுக் கணக்கிலிருந்து வந்த டிக்கெட்டுக்குச் சமரசத் தொகை வாங்கி வைப்பது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய சிக்கல்.

சமரசம் என்றால் ஒரு பக்கம் போதும். எந்தப் பயணம், எவ்வளவு தொகை, இத்தோடு இருவருக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை, பதிவுகள் நீக்கப்பட்டன, அதற்காக உங்கள் மனைவி மீதும் அவர் எந்த இழப்பீடும் கேட்கமாட்டார். இந்தக் கடைசி வரி உங்களுக்கு 500 வெள்ளிக்கு மேல் பெறும். ஒன்றை மட்டும் எழுதவே கூடாது: "பணம் கொடுத்தால் போலிசுக்குப் போகமாட்டேன்." நண்பர்கள் எழுதிக் கொடுக்கும் சமரசத் தாள்களில் பாதியில் இந்த வாக்கியம் இருக்கும். குற்றத்தை மறைக்கப் பணம் வாங்குவது தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். பேசும்போதும் அப்படிச் சொல்லாதீர்கள், மிரட்டிப் பணம் கேட்டதாகத் திருப்பிவிடுவார்கள். அவருக்கு நீங்கள் பதிலாக அனுப்பிய மூன்றாவது குரல் செய்தியைக் கேட்டேன். அந்தத் தொனியில் இனி ஒரு வார்த்தை வேண்டாம், எழுத்தில் மட்டும் பேசுங்கள்.

நேரில் சந்திப்பதாக இருந்தால் அவர் வீட்டுக்குக் கீழே வேண்டாம், அலுவலக நண்பரை நடுவில் வைத்து ஏதாவது கோப்பிக் கடையில் உட்காருங்கள். பேநவ் வந்துவிட்டதா என்று வங்கிச் செயலியில் தொகையைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள். அவர் காட்டும் படத்தைப் பார்த்து எடுக்காதீர்கள்.