இ1 கார்டில் (பல தொலைபேசி அழைப்புகளை ஒரே டிஜிட்டல் லைனில் கொண்டுவரும் கார்டு) பச்சை விளக்கு எரிகிறது, பேச்சும் கேட்கிறது, ஃபேக்ஸ் மட்டும் பாதியில் அறுந்துபோகிறது. டிப் சுவிட்ச்சை (கார்டில் உள்ள குட்டிச் சுவிட்ச் வரிசை) எப்படி வைக்க வேண்டும்?

இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது கிளாக் சுவிட்ச்சைத்தான். கார்டு இன்டர்னல் கிளாக்கில், அதாவது தன் சொந்தக் கடிகாரத்தில், இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் லைன் என்றால் அதை லைன் கிளாக்குக்கு, அதாவது லைனில் வரும் கடிகாரத்துக்கு, மாற்ற வேண்டும்.

இ1 லைனில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு சுற்றுத் தரவு, 125 மைக்ரோ நொடி. உங்கள் கார்டின் கடிகாரமும் எதிர்முனையின் கடிகாரமும் பத்து லட்சத்தில் வெறும் 50 பங்கு விலகினாலே போதும், 2.5 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் தொலையும், அல்லது இரண்டு முறை வரும்; இதுதான் 'ஸ்லிப்'. பேச்சில் அது ஒரு சின்ன 'டிக்', காது பொறுத்துக்கொள்ளும். ஃபேக்ஸ் பொறுக்காது. விளக்கோ சிக்னலும் ஃபிரேமும் கிடைத்தாலே பச்சை காட்டிவிடும், அதை நம்பாதீர்கள்.

மற்ற சுவிட்ச்சுகள் பெரும்பாலும் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கிளாக்கோ நேர்மாறு: ஒருவர் கொடுக்க வேண்டும், மற்றவர் வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் 'லைன்' என்று வைத்தாலும் தப்புதான், யாருமே கொடுக்கவில்லையே! ஆகவே மேனுவலைப் புரட்டும் முன் எதிர்முனையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

லைன் கோடிங் (பிட்டுகளைக் கம்பியில் மின் துடிப்புகளாக அனுப்பும் முறை) பெரும்பாலும் ஹெச்டிபி3 தான்; தொடர்ந்து நான்கு பூஜ்யம் வந்தால் அது அவற்றுக்குப் பதில் வேறு துடிப்புகளை வைக்கும். தவறிப்போய் அப்படி மாற்றாத ஏஎம்ஐயில் இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். ஏ-லா முறையில் (பேச்சை எண்களாக்கும் முறை) பேச்சை அனுப்பும்போது மௌனத்தில்கூடத் தொடர்ந்து நான்கு பூஜ்யம் வருவது அபூர்வம் என்பதால், பேச்சு ஏறக்குறைய ஒழுங்காகவே இருக்கும். டேட்டா போட்டதும் பிழை கொட்டும். சிஆர்சி-4 (பிழை கண்டுபிடிக்கும் சோதனை) இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். லைனின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) கோ-ஆக்சியல் கேபிள் என்றால் 75 ஓம், முறுக்கிய ஜோடிக் கம்பி என்றால் 120 ஓம். இது சில கார்டுகளில் சுவிட்ச்சாக இல்லாமல் ஜம்பராக (ஊசிகளை இணைக்கும் குட்டி மூடி) இருக்கும். கேபிள் குட்டையாக இருந்தால் தப்பான ஓம்மிலும் லைன் ஓடிவிடும், அதனால் வேலை செய்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

சுவிட்ச்சின் மேல் 'ஓப்பன்' என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கம் ஆஃப். சில மேனுவல்களில் ஆன் என்பதையே 0 என்று போட்டிருப்பார்கள், அட்டவணைக்குக் கீழே உள்ள பொடி எழுத்தையும் படியுங்கள். தொடும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பென்சில் முனையால் தள்ள வேண்டாம், கரித்தூள் உள்ளே விழும்; பிளாஸ்டிக் குச்சி போதும். பல கார்டுகள் பவர் போடும்போது மட்டுமே சுவிட்ச்சைப் படிக்கும், ஆகவே மாற்றியதும் அணைத்துப் போட்டே ஆக வேண்டும்.

பிறகு பிழைக் கணக்கை அழித்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். ஸ்லிப் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால் ஃபேக்ஸ் போட்டுப் பாருங்கள். மற்ற பிழைகள் ஏறினால் கார்டின் அனுப்பும் முனையைப் பெறும் முனையோடு இணைத்து லூப்பேக் சோதனை செய்யுங்கள். அந்த நேரத்துக்கு மட்டும் இன்டர்னல் கிளாக் வேண்டும், முடிந்ததும் மறுபடி லைன் கிளாக்குக்கு வந்துவிடுங்கள். லூப்பில் பிழையே இல்லை என்றால் கேபிளையும் எதிர்முனையையும் சந்தேகப்படலாம்.