433 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரமா?

சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகன் ஜொகூரில், மாசாயில் இருக்கிறான். பேரனைப் பார்க்க ஈப்போவிலிருந்து செனாய்க்கு விமானத்தில் போகலாம் என்றிருக்கிறேன். கைப்பேசியில் தூரம் 433 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. மருமகனோ காரில் 550க்கு மேல் ஓடும் என்கிறார். விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகுமாமே, டிக்கெட்டில் மட்டும் ஏன் ஒன்றேகால் மணி நேரம்? 2.30 விமானத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது?"

நீங்கள் சொன்ன கணக்கு எதுவும் தப்பில்லை அம்மா. 433 என்பது நேர்க்கோடு. ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்துக்கும் செனாய்க்கும் அட்சரேகையில் 2.93 பாகை, தீர்க்கரேகையில் 2.58 பாகை வித்தியாசம். நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டுக்குமே பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று போட்டுக்கொள்ளலாம். தெற்கே 325, கிழக்கே 286. மீதியை நாம் பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றம் பார்த்துக்கொள்ளும், 433 வந்துவிடும்.

அந்தக் கோட்டை வரைபடத்தில் இழுத்துப் பாருங்கள். தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி, பகாங்கில் பெரா பக்கமாகப் போகும். மருமகனின் கார் மலை ஏறாது. மலைக்கு மேற்கே தாப்பா, தஞ்சோங் மாலிம் என்று இறங்கி, கோலாலம்பூர், சிரம்பான், ஆயர் குரோ எல்லாம் சுற்றித்தான் யோங் பெங்கைப் பிடிக்கும். கூடுதல் கிலோமீட்டரெல்லாம் இந்தச் சுற்றில் வருவது.

இனி நேரம். டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டுமல்ல. ஈப்போவில் நின்ற இடத்தைவிட்டு விமானம் நகர்வதிலிருந்து செனாயில் வந்து நிற்கும்வரை உள்ள நேரம். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 460 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இவ்வளவு குட்டிப் பயணத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். 800 எல்லாம் நடுவில் சிறிது நேரந்தான். விமானங்கள் நேர்க்கோட்டிலேயே போவதும் இல்லை. பிற்பகலில் இடிமழை மேகம் கட்டினால் ஒதுங்கிப் போக வேண்டும். அதனால்தான் நான் எப்போதும் காலை விமானத்தையே எடுக்கச் சொல்வேன். நீங்கள் 2.30 என்கிறீர்கள், சரி.

வீட்டைவிட்டு 11.45க்குக் கிளம்புங்கள். ஈப்போ டவுனைக் கடந்து விமான நிலையம் சேர ஒரு மணி நேரம் வையுங்கள். பெட்டி போடும் கவுண்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடலாம். 3.45க்கு இறங்கி, பெட்டி எடுத்து, கார் பிடித்து மாசாய் சேர மாலை 5 மணிக்கு மேல் ஆகும். ஆக வாசலிலிருந்து வாசலுக்கு ஐந்தரை மணி நேரம். சாதாரண நாளில் காரில் போனாலும் ஏறக்குறைய அவ்வளவுதான், மருமகன் டீ குடிக்க எத்தனை இடத்தில் நிறுத்துகிறார் என்பதைப் பொறுத்து. உங்கள் முதுகுக்காகத்தான் விமானம் என்பேன். தீபாவளிக்கு முந்தின வாரம் என்றால் கேட்கவே வேண்டாம், விமானந்தான்.

அடையாள அட்டையை, அதான் மைகாட்டை, மட்டும் பெரிய பெட்டிக்குள் முறுக்கு டின்னுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள்.